நடுகல்லில் நாய்: சேலம்–நாமக்கல் நிலப்பரப்பின் விலங்கு நினைவுக் கற்களும் எகிப்திய வளர்ப்பு விலங்குகளின் அடக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

பண்டைய எகிப்தியர் தாம் வளர்த்த நாய், பூனை, குரங்கு முதலியவற்றின் உடலைப் பாடம் செய்து அடக்கினர். தமிழகத்தில் வளர்ப்பு விலங்கின் உடலை அவ்வாறு காத்து வைத்ததற்குச் சான்று இல்லை. ஆயினும் விலங்கின் பெயரையும் செயலையும் கல்லில் நிறுத்திய வழக்கம் இருந்தது. பழைய சேலம் மாவட்டமும் அதனை அடுத்த செங்கம் பகுதியும் இணைந்த நடுகல் நிலப்பரப்பில் இவ்வழக்கு எத்தகையது, எடுத்தனூர்க் கல்லில் நாயைப் பற்றிய தொடர் உண்மையில் என்ன கூறுகிறது, எழுத்தில்லாத கற்களில் காணப்படும் நாய்களை எவ்வாறு பொருள்கொள்வது ஆகியவற்றை எகிப்தியச் சான்றுகளோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நடுகல், எடுத்தனூர், கோவிவன், ஆதகூர், புலிக்குத்திக்கல், நேர்த்திக்கடன், மம்மி

முன்னுரை

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளி தடையின்றி விரிந்த ஒரே வெளியன்று. சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, போதமலை, கொல்லிமலை ஆகியவை அதனைச் சூழ்ந்தும் ஊடறுத்தும் நிற்கின்றன. வசிட்ட நதி, திருமணிமுத்தாறு, சரபங்கா போன்ற சிற்றாறுகள் இம்மலைகளிலிருந்து இறங்கி வருகின்றன. மலையடிவாரத்தில் ஆடுமாடுகளைப் பட்டியில் அடைத்துக் காத்த குடிகளுக்குக் கள்வர், புலி, காட்டுப்பன்றி ஆகிய மூன்றும் அன்றாட அச்சங்களாக இருந்தன. இப்பகுதியில் நிற்கும் நடுகற்களில் பல இம்மூன்றில் ஒன்றை எதிர்த்து இறந்தோருக்கு எடுக்கப்பட்டவை. அவற்றுள் சிலவற்றில் வீரனின் காலருகே ஒரு நாயும் நிற்கிறது.

நடுகல் ஆய்வு இதுவரை வீரனையே மையமாகக் கொண்டு வளர்ந்துள்ளது. எழுத்தமைதி, அரசன் பெயர், ஆட்சியாண்டு, நாட்டுப் பிரிவு, ஆகோள் பூசல் என அது கேட்ட வினாக்கள் இன்றியமையாதவை. ஆனால் காலருகே நிற்கும் நாய் பெரும்பாலும் ஓர் அணியுறுப்பாகவே எண்ணப்பட்டு, ‘அருகில் நாய் உருவம் உள்ளது’ என்னும் அளவோடு விடப்படுகிறது. மறுபுறம், பொதுமக்களுக்கான எழுத்துகளில் அதே நாய் தலைவனுக்காக உயிர்விட்ட நன்றியின் உருவமாக மிகைப்படுத்தப்படுகிறது. இரண்டும் கல்லைச் சரியாகப் படிப்பதற்குத் தடைகளே.

இங்குச் ‘சேலம்’ என்பதை இன்றைய மாவட்ட எல்லைக்குள் அடக்க இயலாது. 1965 அக்டோபரில் தருமபுரி தனி மாவட்டமாகும் வரை இன்றைய தருமபுரி, கிருட்டிணகிரிப் பகுதிகள் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. நாமக்கல் பிரிந்தது 1997 சனவரியில். தமிழகத்தில் நடுகற்கள் மிகச் செறிந்துள்ள பகுதி, பழைய சேலம் மாவட்டத்தின் வடபாதியும் ஊத்தங்கரைக்கு அப்பாலுள்ள செங்கமும் சேர்ந்ததாகும். மேய்ச்சல் தடங்களும் கணவாய்களும் இவற்றை ஒன்றாகவே வைத்திருந்தன. ஆகவே சமவெளியின் எழுத்தில்லாக் கற்களைப் படிப்பதற்கான திறவுகோலைச் செங்கத்தின் எழுத்துள்ள கற்களில் தேடுவது பொருத்தமுடையது.

எடுத்தனூர்க் கல்

தமிழகத் தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ தொகுப்பால் பரவலாக அறியப்பட்ட கற்களுள் ஒன்று எடுத்தனூர்க் கல். இன்றைய திருவண்ணாமலை மாவட்டம் தண்டராம்பட்டு வட்டத்தைச் சேர்ந்த ஊர் அது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைக் குறிக்கும் இக்கல், பொ.ஆ. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது, எழுத்து வட்டெழுத்து. வாணகோ அரைசரின் மருமக்களாகிய பொற்றொக்கையாரின் இளமகன் கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கும் முயற்சியில் பட்டான் என்பது கல்லின் முதன்மைச் செய்தி. நாய் பற்றிய செய்தி அதனின்று வேறான தனித் தொடராக உள்ளது. கோவிவன் என்னும் நாய் கள்ளரைக் கடித்துக் காத்திருந்த செயலை அது கூறுகிறது. வீரனின் உருவத்தோடு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது.

இவ்விரு தொடர்களின் முடிவுகளை ஒப்பிட வேண்டும். மனிதனுக்குரிய தொடர் ‘பட்டான் கல்’ என்னும் நடுகல் வாய்பாட்டில் முடிகிறது. நாய்க்குரிய தொடர் ‘காத்திருந்தவாறு’ என முடிகிறது. ‘பட்டது’ என்றோ ‘பட்ட நாயின் கல்’ என்றோ அது கூறவில்லை. ‘ஆறு’ என்பது இங்கு ‘விதம்’, ‘நிலை’ என்னும் பொருளில் நிற்கிறது. அதாவது, நாய் காத்து நின்ற காட்சி இது என்று அருகிலுள்ள உருவத்தைச் சுட்டிக் காட்டும் தொடராக அதனைக் கொள்ளலாம். மனிதனின் தொடர் கல்லுக்குரியது; நாயின் தொடர் உருவத்துக்குரியது. முன்னது இறப்பைப் பதிகிறது. பின்னது செயலைப் பதிகிறது.

இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றினும் விளைவு பெரிது. கோவிவன் கள்ளரோடு போராடி இறந்தது என்றும், தலைவனின் உடலருகே கிடந்து உயிர்விட்டது என்றும் எழுதப்படுவதற்குக் கல்லில் ஆதாரம் இல்லை. அது காத்தது எருமைகளையா, வீழ்ந்த தலைவனின் உடலையா என்பதையும் தொடர் வெளிப்படையாகக் கூறவில்லை. எருமை பற்றிய சொல் முதல் தொடரில் இருப்பதால் நிரையைக் காத்தது என்று கொள்வதே நேரிய பொருளாகத் தோன்றுகிறது. அவ்வாறாயின், தலைவன் வீழ்ந்த பின்னும் நிரை இழக்கப்படவில்லை என்னும் குறிப்பும் இதில் அடங்கும். அந்த வெற்றி நாய்க்குரியது. இறவாத நாய்க்கு நடுகல்லில் இடம் கிடைத்திருப்பின், அது இறந்த நாய்க்குக் கல் நட்டதைவிட வியப்புக்குரிய செய்தி. நடுகல் மரபில் கல் பெறுவதற்கான தகுதி வீழ்தலே. இங்கோ, வீழ்ந்தது கூறப்படாமலே ஓர் உயிர் பெயரோடு இடம்பெறுகிறது.

பெயர் பதியப்பட்டதும் தற்செயலன்று. கல் நட்டவர்கள் ‘அவன் நாய்’ என்று எழுதியிருந்தாலும் செய்தி நிறைவுற்றிருக்கும். ‘கோவிவன் என்னும் நாய்’ என்று எழுதியதால், அந்தப் பெயரால் நாயை அழைத்த ஒரு குடியிருப்பு அக்கல்லின் முன் நிற்கிறது. தொழிலுக்காக வளர்க்கப்பட்ட காவல் நாய்தான் அது. எனினும் பெயரிட்டு அழைக்கப்பட்ட உயிர். ‘வளர்ப்பு விலங்கு’, ‘பணி விலங்கு’ என்னும் இன்றைய பிரிவு பட்டி வாழ்க்கைக்குப் பொருந்துவதில்லை. கொங்கு நாட்டில் ஆட்டுப் பட்டியோடு திரியும் பட்டிநாய் இன்றும் இரண்டு பிரிவிலும் அடங்காது.

கல்லில் வரும் வாணகோ அரைசர் என்னும் பெயர் சேலத்தோடு மற்றோர் இணைப்பையும் தருகிறது. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் வாணகோவரையர் என்னும் பட்டம் தாங்கிய தலைவர்கள் வசிட்ட நதிக்கரையிலுள்ள ஆறகழூரைத் தலைமையிடமாகக் கொண்டு மகதை மண்டலத்தை ஆண்டனர். அறுநூறு ஆண்டு இடைவெளியில் ஒரே பட்டப்பெயர் வருவதைக் கொண்டு மட்டும் இரு மரபுகளையும் ஒரே குடியெனக் கூறிவிட முடியாது. செங்கமும் ஆத்தூர்ச் சமவெளியும் ஒரே வகைத் தலைவர்களின் செல்வாக்கு பரவிய நிலம் என்று கொள்வதற்கு இது போதும்.

எகிப்தில் உடலும் பெயரும்

எகிப்திய விலங்கு மம்மிகளைப் பற்றிய பொதுப் படிமம், வீட்டில் செல்லமாக வளர்த்த பூனையை இறந்தபின் துணி சுற்றிக் கல்லறையில் வைத்தார்கள் என்பது. இது ஒரு சிறு பகுதிக்கே பொருந்தும். எகிப்தியல் அறிஞர் சலீமா இக்ரம் முதலியோர் விலங்கு மம்மிகளை வளர்ப்பு விலங்கு, இறந்தோருக்கான உணவு, கோயிலில் தெய்வமாகப் பேணப்பட்ட விலங்கு, நேர்த்திக்காகச் செலுத்தப்பட்ட விலங்கு எனப் பிரிப்பர். எண்ணிக்கையில் மிகப் பெரியது இறுதி வகை. சக்காராவில் அனுபிசு தெய்வத்துக்குரிய நிலத்தடிச் சுரங்கங்களில் ஏறத்தாழ 80 இலட்சம் விலங்குகள் வைக்கப்பட்டிருக்கலாம் என 2015இல் வெளிவந்த ஆய்வு கணித்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை நாய்கள். பல பிறந்து சில நாள்களே ஆன குட்டிகள். அவை யாருடைய செல்லப் பிராணியும் அல்ல. காணிக்கைக்கென்றே இனப்பெருக்கம் செய்யப்பட்டவை, பெயரற்றவை. பெனி அசன் பகுதியில் தோண்டியெடுக்கப்பட்ட பூனை மம்மிகள் 1890இல் 19 டன் அளவில் இங்கிலாந்தின் இலிவர்பூல் துறைமுகத்துக்குக் கப்பலில் சென்று உரமாக ஏலம் விடப்பட்ட வரலாறும் உண்டு.

உண்மையான வளர்ப்பு விலங்குகளின் அடக்கங்கள் எண்ணிக்கையில் குறைவு. மூன்றாம் அமென்கோதேப்பின் மகன் இளவரசன் துத்மோசு தன் பூனை தா-மியூவுக்குச் சுண்ணாம்புக் கல்லால் பேழை செய்வித்தான். அதில் படையல் மேசையின் முன் பூனை அமர்ந்திருக்கிறது. இறந்த மனிதரைப் போலவே அதன் பெயரும் ஒசிரிசு என்னும் அடைமொழியோடு வருகிறது. 21ஆம் அரசமரபைச் சேர்ந்த இசெதெம்கெப் என்னும் அரசகுலப் பெண்ணோடு ஒரு நவ்வி மான், மான் வடிவப் பெட்டியில் வைக்கப்பட்டிருந்தது. அதே மரபின் மாத்கரே என்னும் அமுன் தெய்வப் பணியாட்டியின் பெட்டியில் இருந்த சிறு மம்மி நெடுங்காலம் அவளுடைய குழந்தை என்றே கருதப்பட்டது. பிள்ளைப்பேற்றில் தாயும் சேயும் இறந்தனர் என்று அதைச் சுற்றிக் கதையும் எழுந்தது. 1968இல் எடுக்கப்பட்ட ஊடுகதிர்ப் படம் அது ஒரு குரங்கு என்று காட்டியது. சான்று கூறாததைக் கதை கூறிவிடும் இந்நிலை கோவிவனுக்கு நேர்ந்ததோடு ஒப்பிடத்தக்கது. எகிப்தில் விலங்கை மனிதக் குழந்தையாக்கினர், இங்கு உயிரோடு நின்ற நாயை இறக்கச் செய்தனர்.

எகிப்தில் உடல், தமிழகத்தில் கல் என்னும் எளிய எதிர்நிலை முழுவதும் உண்மையன்று. எகிப்திய நாய்களில் மிகச் சிறந்த சிறப்பைப் பெற்ற ஒன்று கல்லெழுத்தால் மட்டுமே அறியப்படுகிறது. கீசாவில் 1935இல் இரைசுனர் குழுவினர், பின்னாளில் ஒரு கல்லறைக் கட்டடத்தில் மறுபயன்பாடு செய்யப்பட்டிருந்த சுண்ணாம்புக் கல் ஒன்றைக் கண்டனர். மன்னனுக்குக் காவலாக இருந்த அபுவ்தியூ என்னும் நாய்க்கு அரசக் கருவூலத்திலிருந்து பேழையும் மெல்லிய துணியும் நறும்புகைப் பொருளும் தந்து, கல்தச்சர்களைக் கொண்டு கல்லறையும் கட்டுவித்து அடக்க மன்னன் ஆணையிட்டதை அது கூறுகிறது. அக்கல்லறையும் கிடைக்கவில்லை, நாயின் உடலும் கிடைக்கவில்லை. நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது பெயரும் ஒரு செய்தியும் மட்டுமே. அவ்வகையில் அபுவ்தியூவின் கல்லும் கோவிவனின் கல்லும் ஒரே வகைச் சான்றுகள்.

இன்னும் நெருங்கிய ஒப்புமை தீபசு நகர் மன்னன் இரண்டாம் இன்தெஃபின் நினைவுக் கல். பொ.ஆ.மு. 21ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்லில் மன்னனோடு ஐந்து நாய்கள் செதுக்கப்பட்டுள்ளன. நாய்களின் பெயர்கள் எகிப்திய மொழியினவல்ல. ஆகவே சிலவற்றுக்கு எகிப்தியப் பொருளும் அருகில் எழுதப்பட்டுள்ளது. மன்னனின் காலருகே நாய், நாயின் அருகே பெயர் என்னும் இவ்வமைப்பு எடுத்தனூர்க் கல்லின் அமைப்பிலிருந்து வேறுபட்டதன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், ஒன்பதாம் இராமேசசின் 16ஆம் ஆட்சியாண்டில் கல்லறைக் கொள்ளைகளை விசாரித்த அதிகாரிகள் இன்தெஃபின் கல்லறையைப் பார்வையிட்டனர். ‘அபட் பாப்பிரசு’ எனப்படும் அவர்களின் அறிக்கை, மன்னனின் கால்களுக்கிடையே நிற்கும் நாயையும் பெயரோடு குறிக்கிறது. மன்னரின் கல்லறையை உறுதிப்படுத்த நாயும் ஓர் அடையாளமாயிற்று. கள ஆய்வுக் குறிப்பு எழுதுவோருக்கு இவ்வதிகாரிகள் நல்ல முன்னோடிகள்.

சேரிக் கோழிகள்

தமிழகத்தில் நாய்க்கு முன்பே கல் பெற்றது கோழி. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் கிடைத்த கல் முகையூரின் மேற்சேரியைச் சேர்ந்த போர்க்கோழியைக் குறிக்கிறது. இந்தளூரில் கிடைத்த கல் கீழ்ச்சேரிக் கோழியைப் பொற்கொற்றி என்னும் பெயரோடு குறிக்கிறது. இரண்டும் தொடக்க கால வட்டெழுத்தில் அமைந்தவை. கோழியின் உருவமும் உடையவை. இங்கு வீரனே இல்லை. கோழியே வீரன்.

இவை நாய்க் கல்லிலிருந்து அடிப்படையில் வேறுபட்டவை. கோவிவனுக்கு ஒரு தலைவன் உண்டு. கோழிக்கு உள்ளது சேரி. மேற்சேரி, கீழ்ச்சேரி என்னும் பிரிவினரின் போட்டியில் களமிறங்கிய கோழி அப்பிரிவினர் அனைவரின் பெருமையையும் தாங்கியது. உரிமையாளன் எவனும் குறிக்கப்படாமல் சேரியின் பெயரே குறிக்கப்படுவது அதனால்தான். சேலம், நாமக்கல் பகுதியில் இதற்கு இணையாக இன்றும் காணப்படுவது கோயில் மாடு. பொங்கலை ஒட்டி ஊர்களில் நடைபெறும் எருதாட்டத்திலும், கூலமேடு, தம்மம்பட்டி போன்ற இடங்களின் சல்லிக்கட்டிலும் முதலில் வருவது ஊருக்குப் பொதுவான கோயில் காளை. அது இறந்தால் மாலை அணிவித்து, மேளத்தோடு எடுத்துச் சென்று, ஊர் கூடி அடக்கம் செய்வது வழக்கம். இதனைச் செல்லப் பிராணியின் இறப்புக்கு இரங்கும் தனி மனிதத் துயரமாகக் கொள்வது பொருந்தாது. அது ஊரின் துயரம்.

ஆதகூர்: சடங்கு பெற்ற நாய்

தென்னிந்திய விலங்கு நினைவுக் கற்களில் மிக விரிவான எழுத்துடையது கருநாடகத்தின் மண்டியா மாவட்டம் ஆதகூரில் கிடைத்த கன்னடக் கல். சக ஆண்டு 872, அதாவது பொ.ஆ. 949–50. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தனைக் கங்க மன்னன் இரண்டாம் பூதுகன் கொன்ற செய்திக்காகத் தமிழக வரலாற்றாசிரியர் பலரும் நாடும் கல் இது. ஆனால் அக்கல் நடப்பட்டது போருக்காகவன்று, நாய்க்காக.

பூதுகனின் படைவீரனான மணலேரன் போரில் காட்டிய வீரத்துக்குப் பரிசாக எதை வேண்டினும் கேட்கலாம் என்ற நிலையில், காளி என்னும் வேட்டைநாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் பெரும் காட்டுப்பன்றி ஒன்றின் மீது அந்நாய் ஏவப்பட, இரண்டும் ஒன்றையொன்று கொன்று மடிந்தன. ஆதகூர்ச் செல்லேசுவரர் கோயிலின் முன் கல் நடப்பட்டு, நிலமும் கொடையாக அளிக்கப்பட்டது. கல்லுக்கு வழிபாடு செய்யாமல் உணவு உண்ணும் பூசகர் அந்நாயின் பாவத்தை அடைவார் என்னும் எச்சரிக்கையும் கல்லில் உள்ளது. நாயும் பன்றியும் மோதும் காட்சி கல்லின் மேற்பகுதியில் செதுக்கப்பட்டுள்ளது. கல் இப்போது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது.

பெயர், தனக்கென ஒரு தொடர், உருவம், அழியாத வழிபாட்டுக்கான ஏற்பாடு என்னும் நான்கும் காளிக்குக் கிடைத்தன. எகிப்திய அபுவ்தியூவுக்குக் கிடைத்தவையும் ஏறத்தாழ இவையே. வேறுபாடு, அங்கு அடக்கச் சடங்கு, இங்குத் தொடர் வழிபாடு. கோவிவனுக்குப் பெயரும் தொடரும் உருவமும் உண்டு. தனி வழிபாடு இல்லை, தலைவனின் கல் பெறும் வழிபாட்டில் பங்கு மட்டுமே. அரசலாபுரம், இந்தளூர்க் கோழிகளுக்கு அடையாளமும் உருவமும் உண்டு. சேலம்–நாமக்கல் சமவெளியின் புலிக்குத்திக் கற்களில் நிற்கும் நாய்க்கு உருவம் மட்டுமே உண்டு. விலங்கு ‘துணை’யாக மதிக்கப்பட்டதா என்பதை அளக்க இந்நான்கையும் தனித்தனியே பார்ப்பது, ‘செல்லப் பிராணி’ என்னும் ஒற்றைச் சொல்லால் அனைத்தையும் மூடுவதைவிடப் பயனுடையது.

நேர்த்தி விலங்கும் துணை விலங்கும்

எகிப்திய ஆய்வு தரும் மிகப் பெரிய பாடம், காணிக்கை விலங்கையும் துணை விலங்கையும் பிரித்தறிய வேண்டும் என்பது. இப்பிரிவைச் சேலம் நிலப்பகுதியில் செயல்படுத்திப் பார்க்கத் தேவையான பொருள் ஏராளமாக உள்ளது. ஊர்தோறும் நிற்கும் முனியப்பன் கோயில்களில் குதிரைகளோடு நாய் உருவங்களும் உண்டு. சில சுடுமண்ணால் ஆனவை, சில சுதையால் ஆனவை. அவை முனியப்பனின் வேட்டைக்கும் இரவு உலாவுக்கும் துணையானவை என்பது நம்பிக்கை. நேர்ந்துகொண்டவர் அவற்றைச் செய்து வைக்கின்றனர். அந்த நாய் எந்த வீட்டு நாயையும் குறிப்பதன்று. சக்காராவின் சுரங்கத்தில் வைக்கப்பட்ட நாய்க்குட்டி மம்மியும் முனியப்பன் முன் வைக்கப்பட்ட மண் நாயும் செய்யும் பணி ஒன்றே: வேண்டுவோருக்கும் தெய்வத்துக்கும் இடையே செல்லுதல். அங்கு அதற்கு ஓர் உயிரைக் கொன்றனர்; இங்குக் குயவர் கைமண் போதியதாயிற்று.

இவ்விரு வகைகளும் ஒன்றோடொன்று கலக்கும் இடமே ஆய்வாளருக்குச் சிக்கலைத் தருவது. தருமபுரி, கிருட்டிணகிரி, திருவண்ணாமலைப் பகுதிகளில் பழைய நடுகற்கள் வேடியப்பன் என்னும் பெயரில் வழிபடப்படுகின்றன. நடுகல் வீரன் வேடியப்பனாக மாறும்போது, அவன் காலருகே நின்ற நாயும் குறிப்பிட்ட ஒரு நாயாக இருந்த நிலையை இழந்து தெய்வத்தின் பரிவாரமாகிவிடுகிறது. கருந்தேவக்கத்தியின் கோவிவன் வேடியப்பனின் நாயாகிறது. பெயருள்ள விலங்கு பெயரற்ற வகைமையாக மாறும் இந்த நகர்வு எழுத்தறிவு குன்றியதால் மட்டும் நேர்ந்ததன்று. வட்டெழுத்து வழக்கிழந்த பின்னும் கல் வழிபாட்டில் நிலைத்ததற்கான விலை அது. வழிபாடு இல்லாதிருந்தால் அக்கற்களில் பல இன்று இருந்த இடமே தெரியாமல் போயிருக்கும்.

பெரெனிக்கே

தமிழகத்தையும் எகிப்தையும் ஒப்பிடுவதற்கு வடிவ ஒப்புமை மட்டும் காரணமன்று. இரு நிலங்களும் நேரடியாகத் தொடர்புகொண்டிருந்தன. செங்கடல் கரையிலுள்ள பெரெனிக்கேத் துறைமுகத்தில் 1995இல் ‘கொறபூமான்’ என்னும் தமிழ்ப் பெயர் பொறித்த தமிழி எழுத்துப் பானையோடு கிடைத்தது. அதே ஊரின் கோயிலொன்றில் ஏழு கிலோவுக்கு மேற்பட்ட மிளகு, இந்தியப் பானையில் சேமிக்கப்பட்ட நிலையில் கண்டெடுக்கப்பட்டது. அவ்வூரின் புறத்தே பொ.ஆ. 1, 2ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த விலங்கு இடுகாடு ஒன்றும் அகழப்பட்டுள்ளது. 2021இல் வெளியான ஆய்வின்படி 585 விலங்குகளின் அடக்கங்கள் அங்குப் பதிவாயின. பத்தில் ஒன்பது பங்கு பூனைகள், எஞ்சியவை பெரும்பாலும் நாய்களும் குரங்குகளும். சிலவற்றின் கழுத்தில் இரும்புப் பட்டையோ மணிமாலையோ இருந்தது. அவை மம்மியாக்கப்படவில்லை, மண்ணில் இயல்பாகவே அடக்கப்பட்டுள்ளன. பல் விழுந்து முதுமையடைந்த நாய்களும் அவற்றுள் உண்டு. வேலைக்கு உதவாத நிலையிலும் உணவிட்டுக் காத்தவர் அவ்வூரில் இருந்தனர்.

அங்கு அடக்கப்பட்ட குரங்குகளில் சில, இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட செம்முகக் குரங்குகள் என அடையாளம் காணப்பட்டுள்ளன. இவ்வினம் வட இந்தியாவுக்குரியது. தமிழகத்துக் காடுகளின் வெள்ளைமந்தி அன்று. ஆகவே அவற்றை முசிறியிலிருந்து கப்பலேறியவை என எழுதுவதைத் தவிர்த்தல் நன்று. மிளகுப் பானையும் தமிழ்ப் பெயரும் இருந்த அதே துறைமுகத்தில், கடல் கடந்து வந்த ஓர் இந்திய விலங்கு பரிவோடு புதைக்கப்பட்டது என்பதே உறுதியாகக் கூறத்தக்கது. பெயர் எழுதப்படவில்லை, உருவம் செதுக்கப்படவில்லை, உடல் மட்டும் பேணி இடப்பட்டது. எடுத்தனூருக்கு இது நேர் மறுதலையான சான்று.

எழுத்தில்லாக் கற்கள்

சேலம், ஆத்தூர், இராசிபுரம், நாமக்கல் சுற்றுவட்டத்தில் காணப்படும் புலிக்குத்திக் கற்களும் பன்றிக்குத்திக் கற்களும் பெரும்பாலும் எழுத்தில்லாதவை. அணிகலன், கொண்டை, ஆடை அமைப்பைக் கொண்டு பல விசயநகர, நாயக்கர் காலத்தவை என மதிப்பிடப்படுகின்றன. அவற்றில் வரும் நாய்களை மேற்கண்ட அளவுகோலின்படி எவ்வாறு படிப்பது?

பெயர் இல்லை என்பதால் அவை வெறும் அணியுறுப்புகள் என்ற முடிவுக்கு வந்துவிட முடியாது. வீரனுக்கும்தான் அங்குப் பெயர் இல்லை. கல்லில் எழுதும் வழக்கம் அருகிய காலத்தில் வீரன், புலி, நாய் மூன்றும் உருவத்தாலேயே பேச வேண்டியிருந்தது. ஆகவே உருவத்தின் நிலைதான் அங்குத் தொடரின் இடத்தைப் பெறுகிறது. எடுத்தனூர்க் கல்லின் ‘காத்திருந்தவாறு’ என்னும் சொல் இதற்கு வழிகாட்டுகிறது. நாய் என்ன செய்வதாகக் காட்டப்பட்டுள்ளது என்பதே கேட்க வேண்டிய முதல் வினா. புலியின் பின்னங்காலையோ பன்றியின் விலாவையோ கவ்வும் நாய், நிகழ்ச்சியில் பங்குகொண்டது. குறிப்பிட்ட ஒரு பூசலில் குறிப்பிட்ட ஒரு நாய் செய்த செயலை ஊரார் சிற்பிக்குச் சொல்லியிருக்க வேண்டும். வீரனின் காலருகே அசையாது நிற்கும் நாய் வேட்டுவன் என்னும் அடையாளத்தின் ஒரு பகுதியாக இருக்கலாம். வாலின் வளைவு, கழுத்துப் பட்டையின் இருப்பு, நாய்களின் எண்ணிக்கை, நாய் நோக்கும் திசை ஆகியவை பதியப்பட்டாலன்றி இவ்விரண்டையும் பிரிக்க இயலாது. வீரனின் கொண்டை எப்பக்கம் சாய்ந்துள்ளது என்பதைத் தவறாது குறிக்கும் பதிவுகள் நாய்க்கும் அந்த ஒரு வரியை ஒதுக்கலாம்.

தொல்காப்பியம் நடுகல்லுக்குக் கூறும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்னும் நிலைகளில் எதிலும் விலங்குக்குத் தனியிடம் இல்லை. இலக்கண நூல் வகுக்காத இடத்தில்தான் கோவிவனும் பொற்கொற்றியும் நின்றனர். ஆகவே இவ்வழக்கைத் தேடவேண்டிய இடம் களம்.

களத்தின் நிலை அவசரமானது. நடுகல்லில் நாய் செதுக்கப்படுவது பெரும்பாலும் கல்லின் அடிப்பகுதியில். மண் மேடிடும்போது முதலில் மறைவது அப்பகுதி. கோயில் திருப்பணியின்போது கல்லைப் பெயர்த்து மேடையில் நிறுத்துகையில் சிமெண்டுக்குள் புதைவதும் அதுவே. எண்ணெயும் மஞ்சளும் வண்ணப்பூச்சும் வீரனின் முகத்தை ஆண்டுதோறும் துலக்கி வைக்கின்றன. முழங்காலுக்குக் கீழே அவை எட்டுவதில்லை. ஏற்கெனவே பதிவான புலிக்குத்திக் கற்களிலும், நிலமட்டத்துக்குக் கீழுள்ள பகுதியில் நாய் உண்டா இல்லையா என்பது மீண்டும் பார்க்கப்பட வேண்டியதாக உள்ளது.